ஓராண்டுச் செடி

மிளகாய்ச் செடியைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்து எப்படிப் பிழைக்கவைப்பது என்று ஆழ்வார்குறிச்சிக்காரன் ஒருவனிடம் கேட்பதில் ஒரு அபத்தம் இருக்கிறது. இங்கே குளிர்காலம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. மார்கழி விடியலில் சிவசைலம் பக்கத்து மலையிலிருந்து காற்று இறங்கும்போது பெரியவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள்; ஏழு மணிக்கெல்லாம் துண்டு தோளுக்கு வந்துவிடும். ஆனாலும் 2023 அக்டோபரில் ஸ்கார்பரோவிலிருந்து அக்கா போன் செய்து கேட்டது இதைத்தான். நான் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்தவன். வங்கியில் குமாஸ்தா. அவ்வப்போது இதுபோன்ற பத்திரிகைகளில் பிறர் எழுதிய கவிதைகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவன். இந்த மூன்றில் எதுவும் செடி வளர்ப்பதற்கான தகுதி அல்ல. அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்தும் என்னிடம் கேட்டதற்குக் காரணம், கேட்கப்பட வேண்டியவள் உயிரோடு இல்லை என்பதுதான்.

2020 ஊரடங்கில், கடை கண்ணிக்குப் போகமுடியாத நாட்களில், அம்மா ஒரு வத்தலை உடைத்து அதன் விதையை விளிம்பு போன மண்தொட்டியில் தூவினாள். காய்ந்த மிளகாய்க்கு எங்கள் பக்கத்தில் வத்தல் என்றுதான் பெயர். நாலைந்து முளைத்து ஒன்று நின்றது. அது காய்த்து ஓய்ந்து, இலை சுருண்டு, பார்க்கச் சகிக்காமல் ஆனபோது பிடுங்கிப் போட்டுவிடலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. அரிவாள்மணையில் வைத்துக் கீரைத்தண்டை நறுக்குகிற நிதானத்தோடு கிளைகளைக் கழித்து ஒரு சாண் குச்சியாக்கினாள். இருபது நாளில் கணுக்களில் பச்சை வைத்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் தொட்டியைத் தட்டட்டியிலிருந்து இறக்கித் தார்சாவில், ஜன்னலுக்குக் கீழே வைப்பாள். தை பிறக்கும் வரை அங்கேதான் இருக்கும். "மழ தண்ணி அதுக்கு ஆவாது" என்பதற்கு மேல் அவள் விளக்கம் சொன்னதில்லை. ஆக, எங்கள் வீட்டு மிளகாய்ச் செடிக்கும் ஒரு குளிர்காலம் இருந்திருக்கிறது. அது அடைமழையின் பெயரில் வந்ததால் நான் கவனிக்கவில்லை.

2022 ஆவணியில் அம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள் முடிந்து அக்கா திரும்பும்போது, அம்மா கடைசியாகக் காயவைத்த வத்தலில் ஒரு பொட்டலம் கொண்டுபோனாள். குழம்புக்கென்றுதான் கொண்டுபோனது. குழம்பிலேயே தீர்ந்தும் போயிருக்கும். கடைசி நான்கை அவளால் தாளிக்க முடியவில்லை. அடுத்த மார்ச்சில் அவற்றை உதிர்த்து ஜன்னலோரம் விதைத்தாள். அந்த ஊரில் மே மாதம் விக்டோரியா தினம் கழியும் வரை எதையும் வெளியே நடக் கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறதாம். அதன்படி நட்டு, ஆவணியில் காய் பறித்து, படம் அனுப்பினாள். அக்டோபரில், இன்னும் சில நாளில் உறைபனி விழும் என்று தெரிந்ததும் போன் செய்தாள்.

நான் புத்தகங்களைத் தேடினேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. தேடியதில் முதலில் தடுக்கியது செடியின் பெயரே. காப்ஸிகம் ஆன்யும். லின்னேயஸ் 1753-இல் தன் தாவரத் தொகுப்பில் இட்ட பெயர். ஆன்யும் என்றால் ஓராண்டுக்குரியது. பெயர் தப்பு. மிளகாய் ஓராண்டுச் செடி அல்ல. உறைபனி படாத இடத்தில் பல வருஷம் நின்று, தண்டு மரம்போல் இறுகிக் காய்க்கிற செடி. மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து புறப்பட்ட அது ஐரோப்பியத் தோட்டங்களில் ஒவ்வொரு இலையுதிர் காலத்தின் முடிவிலும் கருகிச் செத்தது. அங்கே நின்று பார்த்தவர்களுக்கு அதன் ஆயுள் ஒரு வருஷம். ஆண்டுதோறும் கொல்லப்பட்ட ஒன்றை ஆண்டு ஆயுள் கொண்டது என்று குறித்துக்கொண்டார்கள். லின்னேயஸ் கவனக்குறைவான மனிதர் அல்ல. குறைபட்டது கவனம் அல்ல. ஸ்வீடன் அவருக்குக் கொடுத்திருந்த சீதோஷ்ணத்தைப் பார்வையின் ஒரு பகுதி என்று அவர் அறியாமல் இருந்ததுதான்.

மிளகாய்க்குப் பெயரிட்ட யாரும் சரியாகப் பெயரிட்டதாகத் தெரியவில்லை. கொலம்பஸ் மிளகைத் தேடிப் போனவர்; காரமாக எதிர்ப்பட்டதை மிளகு என்றே அழைத்தார். ஷாக்வின் என்பவர் இன்னொரு மிளகாய் இனத்துக்குச் சீனத்துச் செடி என்று பெயர் வைத்தார். அதன் பூர்வீகம் அமேஸான் பக்கம். நாம் மட்டும் என்ன? சங்கப் பாடல்களில் கறி என்ற பெயரில் மிளகு உண்டு, மிளகாய் கிடையாது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்து இறக்கியபோது மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றோம். பழக்கமான ஒன்றைக் கொண்டு புதியதை அளப்பது பெயரிடுகிறவனின் இயல்பு. அதில் பெரிய குற்றம் இல்லை. அளந்து முடித்தபின் ஆயுளையும் சேர்த்து எழுதிவைப்பதில்தான் குற்றம் இருக்கிறது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன். ஓராண்டுச் செடி என்ற பிரயோகத்தை நானும் ஒருமுறை அச்சில் ஏற்றியிருக்கிறேன்.

2016-இல், என்னோடு ஊர்க் கல்லூரியில் படித்த நண்பன் ஒருவனின் முதல் கவிதைத் தொகுதி வந்தது. நாற்பத்தெட்டு பக்கம். கைக்காசு போட்டு அடித்தது. நான் அதற்கு மூன்று பக்கம் மதிப்புரை எழுதினேன். உவமைகள் மீது அவனுக்கிருந்த பலவீனம், கவிதை முடிந்தபிறகும் இரண்டு வரி பேசிக்கொண்டிருக்கிற பழக்கம், ஆற்றைப் பற்றி எழுதும்போதெல்லாம் குரல் தழுதழுத்துவிடுவது, எல்லாவற்றையும் உதாரணங்களோடு காட்டினேன். காட்டியதோடு நின்றிருக்கலாம். கடைசியில் இப்படி ஒரு வாக்கியம் எழுதினேன்: "இது ஓராண்டுச் செடி, ஒரு பருவம் காய்த்தாகிவிட்டது, இரண்டாம் தொகுதிக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை." பத்திரிகை முன்னூறு பிரதி. இருந்தாலும் அந்த முன்னூறு பேர்தான் அவனுக்கு உலகம். நண்பர்கள் சிலர் அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்துச் சொல்லிப் பாராட்டினார்கள். இரண்டாம் தொகுதி வரவில்லை. என் தீர்க்கதரிசனம் பலித்ததாகச் சில காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குச் சொன்னதைச் சொல்கிறேன். இரவு வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே போகுமுன் செடியை உள்ளே எடுத்துவிட வேண்டும். உள்ளே எடுத்தபின் இரண்டு வழி. ஒன்று, நல்ல வெளிச்சம் கொடுத்து வளரவிடுவது. டிசம்பர் பின்பாதியில் ஸ்கார்பரோவில் பகல் ஒன்பது மணி நேரம்தான், ஆழ்வார்குறிச்சியில் பதினொன்றரை. அதனால் விளக்கு வேண்டும். இன்னொன்று, தூங்கவைப்பது. காயையெல்லாம் பறித்து, கிளைகளை வெட்டி, கவட்டை மட்டும் மிஞ்சும்படி ஒரு சாண் விட்டு, வேரைக் கழுவிக் கொஞ்சம் கழித்து, புது மண்ணில் வைத்து, பத்திலிருந்து பதினைந்து டிகிரி இருக்கிற மூலையில் விட்டுவிடுவது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தண்ணீர். உரம் கூடாது. அக்கா முதலில் மனசு வராமல் வெட்டாமல் வைத்திருந்தாள். ஹீட்டருக்கு மேலே, ஜன்னலோரம். ஒரு மாதத்தில் அசுவினி மொய்த்துவிட்டது. வீட்டுக்குள் அசுவினியைத் தின்ன வண்டு கிடையாது, அடித்துப்போக மழையும் கிடையாது. பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, வெட்டி, பேஸ்மென்டுக்குக் கொண்டுபோனாள். இதையெல்லாம் எழுத்தறிவு இல்லாமலே அம்மா ஒரு அரிவாள்மணையை வைத்துக்கொண்டு செய்திருக்கிறாள் என்பதைச் சொன்னபோது இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது.

டிசம்பரில் மறுபடி கூப்பிட்டாள். "ஏ தம்பி, மிச்சமிருந்த ரெண்டு எலையும் உதிந்துட்டு. வெறும் குச்சி. செத்துட்டுன்னு நெனைக்கேன்."

"நகத்தால லேசா கீறிப் பாருக்கா. உள்ள பச்ச இருந்தா உசுரு இருக்கு."

கீறிப் பார்த்தாள். பச்சை இருந்தது. "அப்படியே இது போனாலும் ஊர்ல அம்ம செடி இருக்குல்லா" என்றாள்.

அந்த வாரம் வரை இருந்தது. அந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்தது. தார்சாவில் செடி வெளிறிக் கிடப்பதாக எனக்குப் பட்டது. தை வரை காத்திருக்க வேண்டும் என்பது அம்மாவின் விதி. காரணம் சொல்லப்படாத விதி. தொட்டியைத் தட்டட்டியில் கொண்டுபோய் வைத்தேன். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி, மழை பிடித்தது. அன்றைக்கும் மறுநாளும் தாமிரபரணிக் கரையெங்கும் என்ன நடந்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. திருநெல்வேலியில் பஸ் நிலையம் தண்ணீருக்குள் போனது. வெள்ளத்தில் வீட்டையும் மாட்டையும் இழந்தவர்கள் இருக்கும்போது ஒரு தொட்டி மிளகாயைப் பற்றிப் பேசுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. அன்றும் அந்தக் கூச்சத்தால்தான் மேலே ஏறிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை மழை விட்டபின் போனபோது தொட்டியில் விளிம்பு மட்டம் தண்ணீர் நின்றது. அடியில் இருந்த ஓட்டையை வேர் அடைத்திருந்தது.

இறக்கித் தார்சாவில் வைத்தேன். இலைகள் தொங்கின. மண் ஈரமாக இருக்கும்போதே இலை தாகத்தில் தொங்குவது முரண்பாடாகத் தெரியலாம். வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடைவெளிகளைத் தண்ணீர் அடைத்துவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை மேலே ஏற்ற முடியாது. வெள்ளத்துக்குள் நின்றுகொண்டே செடி வறட்சியில் சாகிறது. உள்ளே எடுத்த செடியைப் பெரும்பாலும் கொல்வது குளிரைவிட ஈரம்தான் என்று அக்காவுக்குச் சொன்னவன் நான். ஒரு வாரத்துக்குப் பிறகு கீறிப் பார்த்தேன். மேலிருந்து அடிவரை பழுப்பு.

மூன்றே முக்கால் வருஷம் உயிரோடிருந்து லின்னேயஸைப் பொய்யாக்கிய செடி, குளிர்காலமே இல்லாத ஊரில், விமர்சகன் ஒருவனின் பராமரிப்பில் செத்தது.

அக்காவிடம் சொல்லவில்லை. வெள்ளச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டவள், "டி.வி.ல திருநெல்வேலியக் காட்டுதாங்க, வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அம்ம செடி?" என்றாள். இருக்கு என்றேன். இது பெரிய பொய்யா சிறிய பொய்யா என்று அப்போது யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் செடியைப் பற்றி என் கவலை வேறு மாதிரி ஆகிவிட்டது. அதுவரை ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவள் போனுக்குக் காத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் கீறிப் பார்த்தாயா என்று கேட்டேன். ஜனவரி முடிவில் ஒரு படம் அனுப்பினாள். குச்சியின் ஒரு பக்கம் முழுக்க நகக்கீறல். கீறிய இடமெல்லாம் காய்ந்து பொருக்காகியிருந்தது. "நீ கேக்கேன்னுதான் கீறுதேன். இனும கேக்காத" என்றாள்.

அதே தை மாதத்தில் என் நண்பன் வங்கிக்கு வந்தான். அம்பாசமுத்திரத்தில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறான். மனைவியின் சங்கிலி மீது வாங்கிய கடன் வருஷத்துக்கு ஒருமுறை எங்களிடம் புதுப்பிக்க வரும். கல்லூரியில் என்னை "ஏல" என்று கூப்பிட்டவன் கவுண்டருக்கு அந்தப் பக்கம் "சார்" என்பான். அதற்கு முந்தைய வருஷங்களில் பாரத்தைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கி, ரசீதைக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவுதான். அன்று, செத்த செடியும் அக்காவிடம் சொன்ன பொய்யும் மனசில் கிடந்ததாலோ என்னவோ, "இப்ப ஏதாவது எழுதுதியா?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரித்தான். கோபமெல்லாம் இல்லை. "வட்டி எவ்வளவு வருது சார்?" என்றான்.

வீட்டுக்கு வந்து அவன் தொகுதியை எடுத்து மறுபடி வாசித்தேன். குற்றவுணர்வு ரஸனையைக் கெடுக்கும் என்பதால் எச்சரிக்கையாகவே வாசித்தேன். நான் காட்டிய குறைகள் அத்தனையும் அங்கேயே இருந்தன. உவமைகள் அதிகம்தான். ஆற்றருகே குரல் தழுதழுக்கத்தான் செய்கிறது. நான்கு கவிதைகள் நன்றாக இருந்தன. அவற்றை நான் அன்றும் குறிப்பிட்டிருக்கிறேன். மதிப்புரையில் திருத்துவதற்கு எதுவும் இல்லை, அந்தக் கடைசி வாக்கியத்தைத் தவிர. அது கவிதைகளைப் பற்றிய வாக்கியம் அல்ல. முன்னால் இருந்த நாற்பத்தெட்டு பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது ஒரு ஆயுள் ஜாதகம். ஜாதகம் கணிக்க எனக்கு இருந்த ஆதாரம், நான் வாசித்து வளர்ந்த சீதோஷ்ணம் மட்டும்தான்.

தொழில் ரீதியாக எனக்கு இது இன்னும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பயிர்க்கடன் கொடுக்கும்போது ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ஓராண்டுக்கு மேல் பருவம் கொண்ட பயிர் நீண்டகாலப் பயிர், மற்றவை குறுகியகாலப் பயிர். மிளகாயைக் குறுகியகாலத்தில்தான் சேர்க்கிறோம். விளாத்திகுளம் கரிசலில் விதைக்கிற சம்சாரிக்கும் அது ஒரு வெள்ளாமைச் செடிதான். மழையில் முளைத்து, பழம் எடுத்து, வெயிலேறி ஈரம் வற்றியதும் அவர் கணக்கு முடிகிறது. அந்தக் கணக்கில் தப்பில்லை. அவர் செடியின் ஆயுளைப் பற்றிப் பேசவில்லை, தன் நிலத்தின் ஈரத்தைப் பற்றிப் பேசுகிறார். வங்கியும் அப்படித்தான். அதிலும் குறுகியகாலப் பயிர் என்றால், தவணை தவறியபின் இரண்டு பருவம் கழிந்தால்தான் அந்தக் கடனை என்.பி.ஏ. என்று எழுதலாம். ரிசர்வ் வங்கி ஒரு மிளகாய்த் தோட்டத்துக்குக் கொடுக்கிற இரண்டு பருவ அவகாசத்தை நான் என் நண்பனுக்குக் கொடுக்கவில்லை.

அவன் எழுதாமல் போனதற்கு என் வாக்கியம்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். அது இன்னொரு வகை அகந்தை. கடை, கல்யாணம், பிள்ளைகள், கடன் என்று அவனுக்கு எத்தனையோ உறைபனிகள் இருந்திருக்கலாம். அவன் எழுதிக்கொண்டிருக்கிறானா என்பதுகூட உண்மையில் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்ட கேள்வியும் ஒரு நகக்கீறல்தான். ஒருமுறை கீறுவது விசாரிப்பு. அடிக்கடி கீறினால், விசாரிப்பதே வியாதியாகிவிடும்.

2024 மார்ச் கடைசியில் அக்கா படம் அனுப்பினாள். கீறாத பக்கத்தில், அடிக்கணுவில், கடுகளவு பச்சை. கவட்டையின் ஒரு கை முழுவதும் செத்திருந்தது; மற்றது பிழைத்துக்கொண்டது. அன்றுதான் ஊர்ச் செடி போனதைச் சொன்னேன். எப்போது என்று கேட்டாள். மார்கழியில் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப இது ஒண்ணுதானா" என்றாள். பிறகு, "முன்னாலயே சொல்லிருந்தா பயத்துல தண்ணிய ஊத்தியே கொன்னுருப்பேன்" என்று அவளே எனக்கு ஒரு சமாதானமும் சொன்னாள். அந்தச் சமாதானத்தை நான் ஏற்றுக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை.

மறுவருஷம் ஆடியில் ஊருக்கு வந்தபோது அந்தச் செடியின் காயை உலர்த்தி ஏழெட்டு வத்தல் கொண்டுவந்தாள். அம்மாவின் வத்தல் ஒரு பனிக்காலத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. மூன்றை உதிர்த்து, அதே விளிம்பு போன தொட்டியில், அடி ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டு விதைத்தேன். ஒன்று நின்றிருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் தார்சாவுக்கு இறக்கிவிட்டேன். வெளிறித்தான் கிடக்கிறது. தை வரை தொடப்போவதில்லை.

2016-இல் எழுதிய மதிப்புரையின் கடைசி வாக்கியத்தை, அதை வாசித்த அதே சிறு வட்டத்தின் முன்னால், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மற்ற வாக்கியங்கள் அப்படியே நிற்கட்டும். இந்த இதழை அவனுக்கு அனுப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அனுப்பவில்லை. அவன் கடன் தையில் புதுப்பிக்க வரும். நான் வட்டியைக் கூட்டிச் சொல்வேன்.